படுதாவிலிருந்து பாறைக்கு: நெல்லைச் சீமையின் நிலக்காட்சியும் பயணச் சுவரொட்டியும்

பழைய பாணிப் பயணச் சுவரொட்டி என்றதும் ஓவியம் பயில்வோர் பெரும்பாலும் பிரான்சைத்தான் நோக்குகிறார்கள். 1920-களில் ரயில் நிறுவனங்களுக்காக ரோஜர் புரோதர் வரைந்த கடற்கரைகளும் பனிமலைகளும் இன்று உலகெங்கும் மாதிரிப் பாடம். தட்டையான வண்ணப் பரப்பு, அகன்ற வானம், அடியில் கொட்டை எழுத்தில் ஊர்ப்பெயர். இந்த எளிமைக்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமில்லை. கல் அச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல் வேண்டும். வண்ணம் குறைந்தால் செலவு குறையும், எதிர் நடைமேடையில் நிற்பவருக்கும் படம் பளிச்சென்று தெரியும். ‘ரோஜா’ படம் காட்டிய தென்காசிப் பசுமையை மனத்தில் வைத்து நெல்லைச் சீமைக்கு ஒரு பயணச் சுவரொட்டி வரைய முனைபவர் இந்த வடிவத்தை அப்படியே எடுத்தாள நினைக்கலாம். அதற்குத் தேவையே இல்லை. நாடகப் படுதாவில் தொடங்கி, நாள்காட்டி வழியாகத் திரைப்படத்துக்கு வந்து சேர்ந்த நிலக்காட்சி மரபு இந்தச் சீமைக்கே சொந்தமாக உண்டு. இத்தகைய சுவரொட்டி அதிலிருந்து பிறப்பதே முறை.

அந்த மரபின் நடுநாயகம் கோவில்பட்டி. 1986-இல் மாவட்டம் பிரியும்வரை அது திருநெல்வேலி மாவட்டத்து ஊர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற சி. கொண்டையராஜு (1898–1976), நாடகக் குழுவுக்குக் காட்சித் திரை தீட்டுபவராக ஊர் ஊராகச் சென்றார். 1940-களின் தொடக்கத்தில் குழு கலைந்தபோது கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவரும் டி. எஸ். சுப்பையா உள்ளிட்ட மாணவர்களும் இயங்கிய தேவி ஆர்ட் ஸ்டுடியோவிலிருந்து சிவகாசி அச்சகங்களுக்குத் தெய்வப் படங்கள் போயின. இந்தக் கோவில்பட்டிப் பாணியின் நாள்காட்டி ஒன்றை உற்றுப் பார்த்தால் பழைய படுதா உள்ளே இருப்பது புலப்படும். முன்னே தெய்வம், முகம் முழுதும் நம்மை நோக்கி. அதன் காலடியில் தாமரைக் குளம். பின்னே வளைந்தோடும் நீர், தொலைவு கூடக் கூட நீலம் வெளிறிக்கொண்டே போகும் மலை. நாடக மேடையில் நடிகருக்குப் பின்னால் தொங்கிய திரைதான் இங்கே தெய்வத்துக்குப் பின்னால் நிற்கிறது. புரோதரின் படத்தில் நிலமே நாயகம். கோவில்பட்டிப் படத்தில் நிலம், முன்னே நிற்பவருக்கு இருப்பிடம். இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான்.

சினிமா வால்போஸ்டர் இந்த நாள்காட்டி மரபிலிருந்து முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பெருக்கியது. மலையும் ஆறும் அநேகமாக மறைந்தன. ரசிகர் தேடி வந்தது நட்சத்திரத்தை என்பதால் அது இயல்பே. நிலம் சுவரொட்டிக்குத் திரும்பவில்லை, படத்துக்குள் திரும்பியது. 1992-இல் வந்த மணிரத்னத்தின் ‘ரோஜா’வில் நாயகியின் ஊர் சுந்தரபாண்டியபுரம். சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவில் தென்காசிப் பக்கத்துப் பசுமையைத் தமிழகம் முழுவதும் கண்டது. 2005-இல் ‘அந்நியன்’ பாடலுக்காகக் கலை இயக்குநர் சாபு சிரில் அதே வட்டாரத்தில் வீடுகளுக்கும் லாரிகளுக்கும் வண்ணம் பூசி, பாறைகளில் திரை நட்சத்திரங்களின் முகங்களைத் தீட்டச் செய்தார். படுதாவில் மலைக்கு முன்னே நின்ற முகம் இங்கே மலைமீதே ஏறிவிட்டது. அந்தப் பாறையையும் சூரியகாந்தி வயல்களையும் பார்க்க இன்றும் மக்கள் வருகிறார்கள். பயணச் சுவரொட்டி செய்ய வேண்டிய வேலையைச் சினிமா செய்து முடித்துவிட்டது.

சுவரொட்டி இந்த உள்ளூர் மரபிலிருந்தே பிறக்க வேண்டும் என்பதற்கு மறுப்புகள் உண்டு. ரயிலும் நமக்குப் பழையதுதானே, மேலை வடிவம் எப்படி அந்நியமாகும் என்று கேட்கலாம். செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு 1904-லேயே ரயில் ஓடியது உண்மை. ஆனால் தென்னிந்திய ரயில்வேயின் படவிளக்க வழிகாட்டி நூல் ஆங்கிலம் படித்த பயணிக்காக எழுதப்பட்டது. உள்ளூர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது சிவகாசி நாள்காட்டி. சினிமா காட்டும் ஊர் மெய்யூர் இல்லை என்பது அடுத்த மறுப்பு. ‘ரோஜா’வின் காஷ்மீர் மணாலியிலும் நீலகிரியிலும் எடுக்கப்பட்டதுதான். எந்தப் பயணச் சுவரொட்டியும் நிலவரைபடமாக இருந்ததில்லை என்பதால் இதைப் பெரிதாகக் கொள்ள வேண்டியதில்லை. மூன்றாவது மறுப்பே கனமானது. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) காட்டிய நெல்லையும் இதே நெல்லைதான். சாதியின் பெயரால் ஒரு சட்டக் கல்லூரி மாணவன் அடிபட்டு அவமானப்பட்ட மண்ணை ஆளரவமற்ற எழிலாக வரைவது பொய்யாகாதா? ஆகும். ஆள் இல்லாத அழகைத் தீட்டும் மேலை வடிவத்தை இங்கே மறுக்க அதுவே முதன்மைக் காரணம். கோவில்பட்டி மரபு, முன்னே நிற்பது யார் என்று கேட்டே தீரும். அந்த இடத்தில் நட்சத்திரத்துக்குப் பதிலாக நாற்று நடுபவரையோ, பீடி சுற்றுபவரையோ, பத்தமடைப் பாய் நெய்பவரையோ நிறுத்தலாம். முகம் நேராக நம்மைப் பார்க்கட்டும்; பொதிகை மலை பின்னே வெளிறட்டும்; ஊர்ப்பெயர் தமிழில் இருக்கட்டும்.

இப்படி வரைய மூலப்படங்கள் கண்முன் வேண்டும். நாள்காட்டி ஆண்டு முடிந்ததும் பழைய தாளாகிறது. வால்போஸ்டர் அடுத்த படத்தின் பசைக்கு அடியில் போகிறது. படுதாத் துணி மட்கிவிடுகிறது. பாளையங்கோட்டையில் உள்ள அரசு அருங்காட்சியகம் இந்த மூன்றுக்கும் ஒரு தனித் தொகுப்பைத் தொடங்க வேண்டும். பழைய கோவில்பட்டி நாள்காட்டியோ சினிமா சுவரொட்டியோ வீட்டுப் பரணில் இருந்தால், எடைக்குப் போடாமல் எடுத்து வையுங்கள்.