லூசு: ஒரு பெயரடையின் பயணம்

புத்தூர் நால்ரோட்டை ஒட்டிய சைக்கிள் கடைகளில் அரைமணி நேரம் நின்றால், ஒரு சொல்லைப் பலமுறை கேட்கலாம். பின்சக்கரத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் லூசா இருக்குங்க, டைட் பண்ணிட்டா சரியாயிடும்" என்பார் கடைக்காரர். சக்கரம் உடையவில்லை, ஓடவும் செய்கிறது, ஆயினும் எங்கோ சற்றுப் பிசகியிருக்கிறது. அந்தச் சற்றுப் பிசகலுக்குத்தான் அவர் 'லூசு' என்கிறார். அதே சாலையில் பள்ளிச் சிறுவன் ஒருவன் தன் தோழனைப் பார்த்து "போடா லூசு" என்று கத்திக்கொண்டு ஓடுகிறான். இரண்டும் ஒரே சொல்தான். ஆனால் இரண்டுக்கும் நடுவே இருக்கும் தொலைவைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை.

ஆங்கிலத்தில் 'லூஸ்' தளர்வைக் குறிக்கும் பழைய பெயரடை. வடஐரோப்பிய நார்ஸ் மொழியிலிருந்து அங்கு வந்து சேர்ந்தது. ஓர் ஆளைப் பற்றிய அடைமொழியாகத் தனித்து நின்றால், அங்கே அது பெரும்பாலும் ஒழுக்கத் தளர்ச்சியையே சுட்டும். தமிழில் அந்தப் பொருள் வரவே இல்லை. நம்முடைய 'லூசு', திருகு தளர்ந்தவன் என்னும் ஆங்கில வழக்கின் சுருக்கம் எனலாம். அவ்வழக்கும் முதலில் ஏதோ ஓர் ஏற்பாட்டில் கோளாறு என்பதையே குறித்தது. பின்னரே மனிதரின் மூளைக்கு ஏறியது. ஆக, ஒலி ஆங்கிலத்துடையது. தனிச்சொல்லாக நிற்கும் பொருளோ நாம் ஆக்கிக்கொண்டது.

திருச்சி போன்ற ஊரில் இச்சொல் வேரூன்றியதில் வியப்பில்லை. தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு 1928-இல் இடம்பெயர்ந்தது. 1960-களில் திருவெறும்பூரில் பெல் நிறுவனம் வந்தது. அதைச் சார்ந்து நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்தன. நட்டு, போல்ட்டு, வாஷர், ஸ்பேனர் என்று தொழிலோடு வந்த சொற்கள் வீட்டுக்குள்ளும் நுழைந்தன. கடும் வேலையைப் 'பெண்டு நிமிர்த்திவிட்டது' என்கிறோமே, அந்தப் 'பெண்டு'ம் பட்டறையில் வளைந்த இரும்பைக் குறித்த சொல்தான். 'மரை கழன்றவன்' என்பதும் அவ்வாறே. திருகாணியின் சுற்றுவரிக்கே மரை என்று பெயர்.

இயந்திரம் வருவதற்கு முன்பு நம்மிடம் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. பித்து என்றோம், அது உடலின் பித்தத்தோடு தொடர்புள்ளது. கிறுக்கு என்றோம், நெல்லைச் சீமையில் கோட்டி என்றார்கள். ஒவ்வொரு காலமும் தான் அறிந்த உலகத்திலிருந்தே மனக்கோளாறுக்கு உவமை தேடியிருக்கிறது. மருத்துவம் அறிந்த காலம் பித்தத்தைச் சொன்னது; இயந்திரம் அறிந்த காலம் திருகைச் சொன்னது; மின்சாரம் வந்தபின் 'பியூஸ் போனவன்' தோன்றினான். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பித்தன் என்னும் சொல்லைக் கொண்டே சுந்தரர் சிவனை அழைத்துப் பாடத் தொடங்கினார். பித்துக்கு வாய்த்த அந்த உயரம் லூசுக்கு வாய்க்கவில்லை.

இலக்கணத்தின் வழியே பார்த்தாலும் இச்சொல் சுவையானது. லகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலெழுத்தாக வாராது என்பது பழைய விதி. 'லூசு' அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஈற்றில் நிற்கும் மெய்யை அப்படியே விடாமல் ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொண்டு தமிழாகிவிட்டது. பிறகு பெயரடை என்னும் நிலையிலிருந்து பெயராகவே உயர்ந்தது. உயர்ந்தது என்று சொல்வது சரியா? 'அந்த லூசு என்ன சொல்லிச்சு?' என்று கேட்கும்போது, பேசப்படுபவர் உயர்திணையிலிருந்து அஃறிணைக்கு இறங்கிவிடுகிறார்.

பவணந்தியாரின் நன்னூல் இத்தகைய திணை மயக்கத்தை வழுவமைதி என்று ஏற்கிறது. அதற்கு உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு என ஐந்து காரணங்களைத் தருகிறது. 'லூசு' இவற்றின் இரு முனைகளிலும் வாழ்கிறது. தோழிகளுக்குள்ளும் காதலர்களுக்குள்ளும் அது உவப்பு. 2006-இல் வெளியான வல்லவன் படத்தின் பாடலொன்று அதைக் காதலிக்குரிய விளியாகவே ஆக்கியது. நகைச்சுவை நடிகர் லூஸ் மோகனுக்கு அது பட்டப்பெயர். நிஜமாகவே மனம் நோயுற்ற ஒருவர்மேல் விழும்போது அதே சொல் இழிப்பு.

அந்த இழிப்புக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. சென்னையில் 1794-இல் தொடங்கிய மனநோயாளர் காப்பகம் 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. நாளடைவில் ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகி, 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று நாம் சிரிக்கத் தொடங்கினோம். நாடாளும் சட்டம்கூட 1912 முதல் 'லூனசி' என்று, நிலவின்மேல் பழிபோடும் சொல்லையே தலைப்பில் தாங்கியிருந்தது. 1987-இல்தான் அதை மனநலம் என மாற்றிக்கொண்டது. பெயர் மாறியதே போதுமானதாக இல்லை. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியிடுவதை வெளிப்படையாகத் தடைசெய்யும் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இல்தான் வந்தது.

ஒரு கேலிச்சொல்லுக்கும் ஒரு சங்கிலிக்கும் நேர்த்தொடர்பு உண்டு என்று நாம் வாதிடவில்லை. ஆனால் அஃறிணையாக்கப்பட்ட ஒருவரைக் கட்டிவைப்பது சற்று எளிதாகிவிடுகிறது என்று தோன்றுகிறது. புத்தூரிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவுக்கு வழி கேட்கும் தாய், சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள் என்றால், அதற்குக் காரணம் நோயைவிட அந்நோய்க்கு நாம் சூட்டியிருக்கும் பெயர்களே.

சொற்களைத் தடைசெய்ய யாராலும் இயலாது. 'லூசு' நம் நாவை விட்டுப் போகப்போவதும் இல்லை. அன்பின் பொருட்டு அது வழங்கும் இடங்களில் வழங்கட்டும். ஆனால் அச்சொல் பிறந்த பட்டறையையாவது நினைவில் வைத்திருக்கலாம். அங்கே ஒன்றை லூசு என்று சொல்பவர், சொன்ன மறுகணமே கையில் ஸ்பேனரை எடுக்கிறார். சக்கரத்தைத் தூக்கி எறிவதில்லை. சக்கரத்தைப் பார்த்துச் சிரிப்பதும் இல்லை.