விதையும் மண்ணும்: ஒரு கணக்கின் வரலாறு

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், கல்லாகிக் கிடக்கும் மரம் ஒன்றை நாம் காணலாம். 18 மீட்டர் நீளமுள்ள அம்மரத்தை 1940-ஆம் ஆண்டு நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கடல்வாழ் உயிரிகளின் சுவடுகள் கிடைக்கின்றன. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் புரண்ட பூமி இது. இங்கே கரிசலும் செம்மண்ணும் சுண்ணாம்பு நிலமும் அண்டை அயலாக உள்ளன. ஒரே வயலுக்குள்ளும் மேட்டில் ஒரு விளைச்சல், பள்ளத்தில் ஒரு விளைச்சல். ஆட்டுக்கிடை போட்ட மூலையில் பயிர் கருகருவென்று நிற்கும். நம் உழவர்கள் இதை ஏட்டில் கற்கவில்லை. காலால் மிதித்து அறிந்தார்கள்.

ஆயினும் ஆய்வு செய்வோர்க்கு இதுவே பெரும் இடராயிற்று. வயலின் ஒரு பாதியில் புதிய பருத்தி விதையையும் மறு பாதியில் பழையதையும் விதைக்கிறோம் எனக் கொள்வோம். புதியது மிகுதியாகக் காய்த்தால், அது விதையின் வெற்றியா, மண்ணின் கொடையா? தீர்ப்புத் தவறினால், அதை நம்பிக் கடன் வாங்கி விதைத்த மானாவாரி உழவரின் ஓராண்டு உழைப்பு வீணாகிவிடும்.

இவ்விடரின் அளவை உலகுக்குக் காட்டியது இங்கிலாந்து. அங்கே 1843 முதல் ஆய்வு நடந்துவரும் ரோதம்ஸ்டெட் பண்ணையில், பார்வைக்குச் சீராகத் தோன்றிய ஓர் ஏக்கர் கோதுமையை 500 சிறு பாத்திகளாகப் பிரித்து, தனித்தனியே அறுத்து நிறுத்தார்கள். மெர்சர், ஹால் என்னும் இருவர் 1911-இல் அதன் முடிவை வெளியிட்டனர். விதை ஒன்று, பராமரிப்பும் ஒன்று. இருந்தும் ஒரு பாத்தி 2.73 ராத்தல் தானியமும், மற்றொன்று 5.16 ராத்தலும் தந்தன.

1919-இல் அப்பண்ணையில் பணியேற்ற ரொனால்டு பிஷர், மண்ணின் வேறுபாட்டை ஒழிக்க இயலாது, ஆனால் கணக்கில் கொண்டுவர இயலும் என உணர்ந்தார். அவர் வகுத்த நெறிகள் மூன்று. ஒவ்வொரு விதையையும் பல பாத்திகளில் திரும்பத் திரும்ப விதைக்க வேண்டும். ஏறத்தாழ ஒத்த மண்ணுடைய பாத்திகளை ஒரு தொகுதியாக்கி, ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா விதைகளுக்கும் இடமளிக்க வேண்டும். தொகுதிக்குள் எந்தப் பாத்தி எந்த விதைக்கு என்பதைத் திருவுளச்சீட்டு போட்டே தீர்மானிக்க வேண்டும். தாம் விரும்பும் விதைக்கு நல்ல பாத்தியைத் தம்மையறியாமலே கொடுத்துவிடும் இயல்பு கற்றோர்க்கும் உண்டல்லவா? அறுவடைக்குப் பின், தொகுதிக்குத் தொகுதி உள்ள வேற்றுமை மண்ணின் பங்காக ஒதுக்கப்படும். அதன் பிறகே விதைகள் ஒப்பிடப்படும். 1925, 1935-ஆம் ஆண்டுகளில் வந்த அவருடைய நூல்கள் இந்நெறிகளை எங்கும் பரப்பின. 1937-இல் கிரேக்க வேளாண் அறிஞர் பாப்படாகிஸ், ஒரு பாத்தியை மதிப்பிடும்போது அக்கம்பக்கத்துப் பாத்திகளின் விளைச்சலையும் கேட்டறியும் வழியைச் சொன்னார். இன்றைய கணினி முறைகள் பலவற்றுக்கு அக்கருத்தே முன்னோடி.

நம் நாட்டில், 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த மகலனோபிஸ், அதற்கு முன்பே வயல் ஆய்வுகளின் பிழையை ஆராய்ந்தவர், பிஷரின் நண்பர். 1938-இல் கல்கத்தாவில் கூடிய முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்குப் பிஷரே தலைமை வகித்தார். 1954-இல் பான்சேயும் சுகாத்மேயும் வேளாண் பணியாளர்களுக்கென எழுதிய புள்ளியியல் நூல் மாணவர் தலைமுறைகளுக்குப் பாடமாயிற்று. வேப்பந்தட்டைப் பருத்தி ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் நாம் காணும் ஆய்வுப் பாத்திகளின் பின்னே இவ்வரலாறு நிற்கிறது.

1995-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் மாவட்டமும், 2007-இல் அதிலிருந்து அரியலூர் மாவட்டமும் பிரிந்தன. மாவட்டக் கோடுகள் மண்ணைக் கேட்டு வரையப்படுவதில்லை. ஆய்வு வயலின் கோடுகளோ மண்ணைக் கேட்டே வரையப்பட வேண்டும். மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி மண் மாறினால், தொகுதிகள் அச்சரிவுக்குக் குறுக்கே அமைய வேண்டும். கரிசலில் வென்ற விதையைச் செம்மண்ணில் மீண்டும் சோதிக்க வேண்டும்.

விதைப்பவர் உவமையை நாம் அறிவோம். அதில் விதை ஒன்றே, நிலங்களே வேறு. நல்ல நிலத்திலும் முப்பது, அறுபது, நூறு என விளைச்சல் வேறுபட்டதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. விளையவில்லை என்று விதையைப் பழிக்குமுன், அது எந்த மண்ணில் விழுந்தது எனக் கேட்பதே முறை. வயலுக்கு வகுத்த இந்நெறி நம் வகுப்பறைகளுக்கும் வீடுகளுக்கும் பொருந்துமா என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.