எழுபதுகளின் யாழ்ப்பாணம்: நனவிடை தோய்தலும் வரலாறும்

எஸ். பொன்னுத்துரை தமது யாழ்ப்பாண நினைவுகளைக் கூறும் நூலுக்கு ‘நனவிடை தோய்தல்’ எனப் பெயரிட்டார். கடந்த காலத்தை நினைந்து ஏங்கும் மனநிலையைக் குறிக்க அத்தொடர் இன்று பொதுவாகவே கையாளப்படுகின்றது. யாழ்ப்பாணத்தவர் பலரும் அவ்வாறு தோயும் காலம் 1970கள். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பொப்பிசைப் பாடல்களும் இலங்கை வானொலியும் உள்நாட்டிலே தயாரான தமிழ்த் திரைப்படங்களும் ஒரு பொற்காலத்தின் சான்றுகளாக முன்வைக்கப்படுகின்றன. அக்காலம் எவ்வாறு சாத்தியமாயிற்று, எவருக்குப் பொன்னாக இருந்தது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

1970இல் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஐக்கிய முன்னணி அரசாங்கம், அந்நியச் செலாவணி நெருக்கடியின் காரணமாக இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வருவது தடைப்படவே, குடாநாட்டுக் கமக்காரரிடம் பணம் புழங்கலாயிற்று. தமிழகச் சஞ்சிகைகளின் வரவு கட்டுப்படுத்தப்பட்டமை ஈழத்து எழுத்துக்கு ஒரு சந்தையைத் தந்தது. வீரகேசரி நிறுவனம் தொடர்ச்சியாக நாவல்களை வெளியிட்டது. அவ்வரிசையில் வந்த செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ 1978இல் திரைப்படமாயிற்று. எனவே, இம்மலர்ச்சி தனிமனித ஆற்றலால் மாத்திரம் விளைந்ததன்று. பாதுகாக்கப்பட்ட சந்தையொன்றின் விளைவுமாகும் என்பது மனங்கொள்ளத்தக்கது.

அதே ஆண்டுகளிற்றான் நாடெங்கும் மக்கள் பாணுக்கு வரிசையில் நின்றனர். 1973–74இல் மலையகத் தோட்டத் தொழிலாளர் பட்டினியால் மாண்டனர். குடாநாட்டிலும் வெங்காயத்தின் இலாபம் நிலமுடையோரையே பெரிதும் சேர்ந்தது. நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர் அத்தோட்டங்களிற் கூலிகளாகவே நின்றனர். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் அவர்கள் மறிக்கப்பட்டனர். 1971 முதல் வந்த தரப்படுத்தல், பல்கலைக்கழக வாயிலை அடைத்த அநீதியாக எமது கூட்டு நினைவில் ஆழப் பதிந்துள்ளது. கோயில் வாயிலை அடைத்த அநீதி அவ்வாறு பதியவில்லை. நினைவும் வர்க்க, சாதிச் சார்பு கொண்டதே.

தர்மசேன பத்திராஜா நெறிப்படுத்திய ‘பொன்மணி’ (1977) இதற்குத் தக்க சான்று. யாழ்ப்பாணச் சமூகத்தின் சாதியையும் சீதனத்தையும் விசாரணைக்குட்படுத்திய அப்படம் வணிக வெற்றி பெறவில்லை. இன்று ஈழத்துச் சினிமாவின் சாதனைப் பட்டியலில் அது இடம்பெறுகின்றது. அது எழுப்பிய வினா இடம்பெறுவதில்லை.

1977இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய தேசியக் கட்சி திறந்த பொருளாதாரத்தைப் புகுத்தியபோது அச்சந்தையின் பாதுகாப்பு நீங்கியது. குடாநாட்டுக் கமக்காரரும் ஈழத்து வெளியீட்டாளரும் ஒருங்கே பாதிக்கப்பட்டமை, இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றே என்பதைக் காட்டிற்று.

இந்த ஏக்கத்தை எள்ளி நகையாடுதல் எமது நோக்கமன்று. 1981இல் நூலகம் எரிந்ததையும் 1983இன் வன்செயலையும் 1995இன் பெரும் இடப்பெயர்வையும் கண்ட மக்களுக்கு, அவற்றுக்கு முந்திய பத்தாண்டு இனிப்பது இயல்பே. ஆயின், இழந்தவற்றை மாத்திரம் கணக்கிட்டு, அன்றே பலருக்கு மறுக்கப்பட்டிருந்தவற்றைக் கணக்கிடாத நினைவு, போரின் பின் மீளக் கட்டியெழுப்பப்படும் ஊர்களிலே பழைய வேலிகளையே மீண்டும் அடைக்கும்.