அதே உருவம், வேறு தலைமுறை

நீளம் 32 மில்லிமீட்டர், அகலம் 24, தடிமன் 2.1. ஒரு மூலை மட்டும் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். 1999 ஆகஸ்டில் ஜப்பானின் மட்சுஷிதா, தோஷிபா, அமெரிக்காவின் சான்டிஸ்க் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து எஸ்.டி. கார்டை அறிவித்தன. அன்றைய அளவு இன்றுவரை மாறவில்லை. ஆனாலும் 2003இல் வாங்கிய கேமராவில் இன்று கடையில் கிடைக்கும் 64 ஜி.பி. கார்டைச் செருகிப் பாருங்கள். கச்சிதமாக உள்ளே போகும், ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். திரையில் மட்டும் ‘கார்டு பிழை’ என்று வரும்.

கார்டு கெட்டுப்போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கேமராவின் ஆயுள் முடிந்தது என்று எடுத்து வைத்துவிடுகிறவர்களும் உண்டு. இரண்டிலும் பழுது எதுவும் இல்லாமல் இருக்கலாம். அந்தப் பிழைச் செய்தி ஏன் வருகிறது என்பதற்கான விடை, இந்தச் சின்ன அட்டை வளர்ந்த கதையில் இருக்கிறது.

மின்சாரம் நின்ற பிறகும் தரவைத் தக்கவைக்கும் ஃபிளாஷ் மெமரி, தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகாவின் ஆய்வில் பிறந்தது. இன்றைய கார்டுகளுக்கெல்லாம் அடிப்படையான நாண்ட் வகையை அவர் 1987இல் வெளியிட்டார். அதை அட்டையாக்கி கேமராவுக்குள் வைக்கும் போட்டி தொண்ணூறுகளில் தொடங்கியது. 1994இல் சான்டிஸ்க்கின் காம்பாக்ட் ஃபிளாஷ், 1995இல் தோஷிபாவின் ஸ்மார்ட்மீடியா, 1997இல் மல்டிமீடியா கார்டு எனப்படும் எம்.எம்.சி., 1998இல் சோனியின் மெமரி ஸ்டிக் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு நிறுவனத்தின் கேமரா வாங்கினால் அதற்குரிய கார்டைத்தான் வாங்க வேண்டும். வேறு கேமராவுக்கு மாறினால் கையிலிருக்கும் கார்டுகள் பயனற்றுப்போகும்.

இவற்றில் ஸ்மார்ட்மீடியாவின் கதை முக்கியமானது. அதன் தடிமன் 0.76 மில்லிமீட்டர்தான். அவ்வளவு மெல்லியதாக்க முடிந்ததற்குக் காரணம், அதற்குள் மெமரி மட்டுமே இருந்தது. அதை ஆளும் கட்டுப்பாட்டுச் சில்லு இல்லை. அந்த வேலை முழுவதும் கேமராவின் தலையில் விழுந்தது. எந்தக் கொள்ளளவு கார்டை எப்படிப் படிப்பது என்பது கேமராவைத் தயாரித்த நாளில் அதற்குத் தெரிந்ததோடு நின்றுவிட்டது. அதன்பின் பெரிய கார்டு வந்தால் பழைய கேமராவுக்கு அது அந்நியம். போதாததற்கு 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று இரண்டு மின்னழுத்தங்களில் இந்தக் கார்டுகள் வந்தன. மூலை வெட்டு இடப்பக்கமா வலப்பக்கமா என்று பார்த்துத்தான் அவற்றை வேறுபடுத்த வேண்டும். கணினியில் ஃபார்மேட் செய்த ஸ்மார்ட்மீடியாவைக் கேமரா ஏற்க மறுத்த தொல்லையும் உண்டு. 128 எம்.பி.யோடு அதன் வளர்ச்சி நின்றது.

அதன் இடத்தைப் பிடிக்க ஒலிம்பஸும் ஃபியூஜிஃபிலிமும் 2002 ஜூலையில் எக்ஸ்.டி. கார்டைக் கொண்டுவந்தன. நகத்தைவிடச் சற்றுப் பெரியது. 20க்கு 25 மில்லிமீட்டர். ஆனால் கட்டுப்பாட்டுச் சில்லு இதிலும் இல்லை. 2005இல் கூடுதல் கொள்ளளவோடு ‘எம்’ வகை வந்தபோது பழைய கேமராக்களில் சில அதை ஏற்கவில்லை. 2 ஜி.பி.க்கு மேல் எக்ஸ்.டி. கார்டு சந்தைக்கு வரவேயில்லை. சில ஆண்டுகளிலேயே இரு நிறுவனங்களும் எஸ்.டி. பக்கம் சாய்ந்தன. 2010இல் சோனியும் தன் கேமராக்களில் எஸ்.டி. கார்டுக்கு இடம் கொடுத்தது.

எஸ்.டி. கார்டு எம்.எம்.சி.யின் வாரிசு. அதே நீளம், அதே அகலம். எம்.எம்.சி.யின் தடிமன் 1.4 மில்லிமீட்டர், தொடுமுனைகள் ஏழு, எஸ்.டி.யில் தடிமன் 2.1, தொடுமுனைகள் ஒன்பது. அதனால் எஸ்.டி. துளையில் எம்.எம்.சி.யைச் செருகலாம். எம்.எம்.சி.க்கென்றே செய்த துளையில் எஸ்.டி. நுழையாது. புதிய கருவி பழைய அட்டையை ஏற்கும், பழைய கருவி புதிய அட்டையை ஏற்க வேண்டியதில்லை என்ற ஒருவழி ஒப்பந்தம் இந்தக் குடும்பத்தில் முதல் நாளிலேயே எழுதப்பட்டுவிட்டது. அன்று அதைத் தடிமனே சொல்லிவிட்டது. பின்னால் வந்த தலைமுறைகளில் அதை உடம்பில் காட்டும் அடையாளம் மறைந்துபோனதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர்.

எஸ்.டி.க்குள் கட்டுப்பாட்டுச் சில்லு இருக்கிறது. மெமரியின் உள்விவகாரங்களை அட்டையே பார்த்துக்கொள்ளும். கேமரா கேட்கவேண்டியது இரண்டுதான்: உன் கொள்ளளவு என்ன? இந்த முகவரியில் என்ன இருக்கிறது? இந்த இரண்டு கேள்விகளிலும்தான் சிக்கல் ஒளிந்திருந்தது.

முதல் தலைமுறை எஸ்.டி., தன் கொள்ளளவைச் சொல்ல ஒரு சிறிய பதிவேட்டை வைத்திருந்தது. அதில் அளவுக்காக ஒதுக்கிய இடம் 12 பிட். அதாவது 4096 வரை எண்ணலாம். அதை அதிகபட்சப் பெருக்கு எண்ணான 512ஆல் பெருக்கி, ஒரு தொகுதிக்கு 512 பைட் என்று கணக்கிட்டால் சரியாக 1 ஜி.பி. வரும். 64 எம்.பி. கார்டே பெரிதாகத் தெரிந்த 2000ஆம் ஆண்டில் இது தாராளமான எல்லை. சில ஆண்டுகளிலேயே அது இடித்தது. 2 ஜி.பி. கார்டு செய்ய, ஒரு தொகுதி 1024 பைட் என்று பதிவேட்டில் எழுதினார்கள். விதி இதற்கு இடம் கொடுத்திருந்தது. ஆனால் தொகுதி என்றாலே 512தான் என்று எண்ணி வடிவமைத்த கருவிகள் இருந்தன. அவற்றில் 2 ஜி.பி. கார்டு 1 ஜி.பி.யாகத் தெரிந்தது.

அதோடு நிற்காமல், தொகுதி 2048 பைட் என்று எழுதி 4 ஜி.பி. கார்டுகளையும் சில தயாரிப்பாளர்கள் விற்றார்கள். இது தரத்துக்கு வெளியே போன வேலை. ஒரு கேமராவில் ஓடும், அடுத்த கேமராவில் ஓடாது. மேலே எஸ்.டி. என்றுதான் அச்சிட்டிருக்கும். வாங்கியவருக்கு உண்மை தெரிய வழியே இல்லை. இந்தக் கதையில் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாத கட்டம் இதுதான். தொழில்நுட்பம் எல்லையில் முட்டுவது இயல்பு. எல்லை தாண்டியதை மறைத்து விற்பது வாங்குபவரின் நம்பிக்கையைக் கெடுப்பது.

2006 ஜனவரியில், எஸ்.டி. தரத்தை வகுக்கும் எஸ்.டி. சங்கம் இதற்கு முறையான வழி கண்டது. எஸ்.டி.ஹெச்.சி. என்ற இரண்டாம் தலைமுறை பிறந்தது. கொள்ளளவு 32 ஜி.பி. வரை. பதிவேடு அகலமானது. அதைவிடப் பெரிய மாற்றம், முகவரி எழுதும் முறையில். முதல் தலைமுறையில் ஒவ்வொரு பைட்டுக்கும் தனி எண். இரண்டாம் தலைமுறையில் 512 பைட் கொண்ட ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் எண். ஊரில் வீடுதோறும் கதவு எண் போட்டுவந்த இடத்தில் இனி தெருவுக்கு ஓர் எண் என்று மாற்றுவதைப் போன்றது. பழைய முறையில் ‘1024’ என்று கேட்டால் 1024ஆம் வீடு. புதிய முறையில் அது 1024ஆம் தெரு. கேட்பவர் ஒரு கணக்கிலும் பதில் சொல்பவர் இன்னொரு கணக்கிலும் இருந்தால் எழுதுவது ஓர் இடத்துக்கும் படிப்பது வேறோர் இடத்துக்கும் போய்விடும்.

இந்த ஆபத்து தெரிந்தே வடிவமைப்பாளர்கள் ஒரு பாதுகாப்பு வைத்தார்கள். எஸ்.டி.ஹெச்.சி. கார்டு மின்சாரம் பெற்றதும், எதிரே இருக்கும் கருவி புதிய முறையை அறிந்ததா என்று பார்க்கும். ‘பெரிய கார்டு எனக்குத் தெரியும்’ என்று கருவி அறிவிக்காவிட்டால், தான் தயார் என்று கார்டு சொல்லவே சொல்லாது. கேமரா கொஞ்ச நேரம் காத்திருந்து பிழை காட்டும். 2003இன் கேமராத் திரையில் வரும் செய்தி இதுதான். இரண்டு தலைமுறைகள் ஒன்றையொன்று தவறாகப் புரிந்துகொண்டு படங்களைச் சிதைப்பதைவிட, பேசாமல் விலகி நிற்பது நல்லது என்று யோசித்து எடுத்த முடிவு அது. பொறியியலில் நேர்மை என்று ஒன்று உண்டென்றால் அதற்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

2009 ஜனவரியில் எஸ்.டி.எக்ஸ்.சி. வந்தது. எல்லை 2 டி.பி. ஆனது. தொடக்கத்தில் சொன்ன 64 ஜி.பி. கார்டு இந்தத் தலைமுறைதான். முகவரி முறையும், பழைய கருவியிடம் பேசாமல் விலகி நிற்கும் பாதுகாப்பும் மாறவில்லை; மாறியது கோப்புகளை அடுக்கும் முறை. எஸ்.டி.ஹெச்.சி.யின் ஃபாட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. நீண்ட வீடியோக்கள் துண்டுதுண்டாகப் பதிவானது அதனால்தான். எஸ்.டி.எக்ஸ்.சி. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்ஃபாட் முறைக்கு மாறியது. இந்தத் தலைமுறையின் ஆபத்து கணினிப் பக்கம் இருக்கிறது. எக்ஸ்ஃபாட் அறியாத பழைய கணினி, படங்கள் நிறைந்த கார்டைப் பார்த்து, ‘இது ஃபார்மேட் ஆகவில்லை, இப்போது செய்யலாமா?’ என்று கேட்கும். ஆம் என்று அழுத்தினால் பயணத்தில் எடுத்த படங்கள் எல்லாம் போகும். கார்டில் ஒரு குறையும் இருக்காது. கேட்ட கணினிக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வேகத்தைக் கூட்டியபோது சங்கம் இன்னும் கனிவாக நடந்தது. யூ.ஹெச்.எஸ்.-2 கார்டுகளின் முதுகில் இரண்டாவது வரிசைத் தொடுமுனைகள் உண்டு. அந்த வரிசை இல்லாத கேமராவில் செருகினால் முதல் வரிசையிலேயே பேசி, மெதுவாக வேலை செய்யும். 2018இல் அறிவித்த எஸ்.டி.யூ.சி. 128 டி.பி. வரை போகிறது. அப்போதும் உருவம் அதே 32க்கு 24.

பழைய கேமராவுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்கவும் சில நேரம் முடிகிறது. எஸ்.டி. குடும்பத்தில் சேராத எக்ஸ்.க்யூ.டி. கார்டும் அதன் பின் வந்த சி.எஃப்.எக்ஸ்பிரஸ் ‘பி’ வகையும் ஒரே உருவம். நிகான் தன் இசட்6, இசட்7 கேமராக்களுக்கு 2019இலும், டி5, டி500, டி850 ஆகியவற்றுக்கு 2020இலும் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு கொடுத்து, ஏற்கெனவே விற்ற கருவிகளையே புதிய கார்டைப் படிக்க வைத்தது. எல்லாக் கருவிக்கும் இது சாத்தியமில்லை. சாத்தியமான இடத்தில் செய்வது வாங்கியவருக்குத் தயாரிப்பாளர் செலுத்தவேண்டிய கடன்.

வீட்டில் பழைய கேமரா வைத்திருப்பவர்கள் சில செய்திகளை நினைவில் வைத்தால் போதும். அட்டையின் கொள்ளளவோடு அதன் மேல் இருக்கும் தலைமுறைச் சின்னத்தையும் பாருங்கள். 2006க்கு முந்தைய கேமராவுக்கு 2 ஜி.பி.யோ அதற்குக் குறைவானதோதான் பாதுகாப்பு. 2 ஜி.பி. மைக்ரோ எஸ்.டி. கார்டை அடாப்டரில் வைத்தும் பயன்படுத்தலாம். ஆனால் அடாப்டருக்குள் இருப்பவை வெறும் கம்பிகள், 32 ஜி.பி. கார்டை அது பழைய தலைமுறையாக மாற்றாது. படங்களைப் பிரதி எடுத்த பிறகு, பயன்படுத்தப்போகும் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். கார்டு ரீடருக்கும் தலைமுறை உண்டு; கேமராவில் ஓடும் கார்டு ரீடரில் தெரியாவிட்டால் சந்தேகம் முதலில் ரீடர்மேல் போகட்டும். பக்கவாட்டில் உள்ள பூட்டுத் தாழ் வெறும் பிளாஸ்டிக். அதன் நிலையைப் பார்ப்பது துளைக்குள் இருக்கும் சுவிட்ச். அந்த சுவிட்ச் தேய்ந்தால் திறந்திருக்கும் கார்டும் பூட்டியதாகவே தெரியும்.

போட்டிக்கு வந்த அட்டைகள் பல மறைந்த பிறகும் எஸ்.டி. நிலைத்ததற்குக் காரணங்கள் பல. பல நிறுவனங்கள் சேர்ந்து வளர்த்தன, விலை இறங்கியது, மடிக்கணினிகளிலும் இடம் கிடைத்தது. அவற்றையெல்லாம்விட நான் மேலாக மதிப்பது, ஒவ்வொரு புதிய தலைமுறையும் முந்தைய தலைமுறை அட்டையைப் படிக்கும் கடமையை ஏற்றுக்கொண்டதை. அதனால்தான் 2001இல் எடுத்த படங்களுள்ள அட்டையை இன்றைய கேமராவிலும் திறக்க முடிகிறது. புதிதாக ஒரு சேமிப்புத் தரத்தை உருவாக்குகிறவர்களிடம் அதன் வேகத்தையும் கொள்ளளவையும் கேட்பதற்கு முன்னால், நேற்றைய அட்டையை அது திறக்குமா என்று கேட்க வேண்டும். குடும்பங்களின் படங்களை நம்பி வாங்குகிற பொருளுக்கு அதுவே முதல் தகுதி.