முக்குவர் சட்டமும் 1876 ஆம் ஆண்டுச் சீர்திருத்தமும்

சட்டத்தை ஆக்குவது மன்றம். அதனை வாழச் செய்வது மக்கள் வழக்கம். இவ்விரண்டும் மாறுபடும்போது நிகழ்வது யாதென்பதற்கு மட்டக்களப்பு வரலாறு சிறந்ததொரு சான்றாகும்.

வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழ்ந்த தமிழரிடையே தாய்வழிக் குடிமுறை நிலவியது. அவர்தம் உரிமைமுறை முக்குவர் சட்டம் எனப்பட்டது. அது சொத்தினை முதுசொம், தேடிய தேட்டம் என இருவகைப்படுத்திற்று. ஒருவன் இறப்பின், அவனுடைய முதுசொம் அவன் மக்களுக்கன்றி, உடன்பிறந்தாள் மக்களுக்கே சென்றது. முதுசொம் தாயின் குடியை விட்டகலலாகாது என்பதே அதன் உட்கருத்து.

யாழ்ப்பாணத்துத் தேசவழமையை ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்தனர். ஆங்கிலேயர் 1806 இல் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதனை உறுதிசெய்தனர். மட்டக்களப்பு வழமைக்கோ அத்தகைய அரசாணை வாய்த்திலது. கிறித்தோபர் பிரிற்றோ என்னும் வழக்கறிஞர் அதனை ஆராய்ந்து ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டது 1876 இலேயாம்.

அதே ஆண்டில் சட்டநிரூபண சபை 15 ஆம் இலக்க விவாகவுரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தை இயற்றிற்று. 1833 இல் நிறுவப்பெற்ற அச்சபையில் உத்தியோகத்தரே பெரும்பான்மையினர். உத்தியோகப் பற்றற்ற அறுவருள் தமிழர்க்குரிய இடம் ஒன்றே. புதிய சட்டம் கண்டிச் சிங்களவரையும், முஸ்லிம்களையும், தேசவழமைக்குட்பட்ட வடமாகாணத் தமிழரையும் விலக்கி வைத்தது. முக்குவர் சட்டத்துக்கு அவ்விலக்கு இல்லை. ஆகவே, மரணசாதனமின்றி இறந்தவனின் சொத்திற் பாதி மனைவிக்கும், மறுபாதி ஆண் பெண் வேறுபாடின்றி அவன் மக்களுக்கும் உரியதாயிற்று. மருமக்களின் பழைய உரிமை ஒழிந்தது.

எனினும், குடிமுறை அழிந்துவிட்டதோ? இல்லை. அச்சட்டத்தின் வழியுரிமை விதிகள் இறந்தபின் எஞ்சிய சொத்தையே பற்றுவன. வாழுங்காலத்துக் கொடையைத் தடுப்பன அல்ல. பெற்றோர் வீட்டையும் வயலையும் சீதன உறுதி மூலம் மகளிர்க்கு முன்னரே எழுதிக் கொடுத்தனர். மணமகன் மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்ந்தான். இவ்வாறு சொத்து பெண்வழியே செல்லும் மரபு புதிய வடிவில் நிலைபெற்றது. கோயில் உரிமைகளிலும் தாய்வழிக் குடிகளின் இடம் மறையவில்லை. ஆயின், மாமனிடமிருந்து மருமகன் பெற்ற உரிமை, தாயிடமிருந்து மகள் பெறும் உரிமையாக மாறிற்று. சட்டம் வழக்கத்தை ஒழித்திலது. திசை திருப்பிற்று எனலே பொருந்தும்.

சட்டங்களை ஆராய்ந்து திருத்தம் கூறுதற்கென இலங்கையில் 1969 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டத்தால் ஆணைக்குழுவொன்று நிறுவப்பட்டது. சீர்திருத்துவோர் ஒரு வழமையை நீக்குமுன், அதனால் வாழ்வோர் யாவர், அதனை இழப்போர் யாவர் என ஆராய்தல் கடனாகும். எழுதப்படாத வழமை எளிதில் மறக்கப்படும். மறக்கப்பட்டது எளிதில் நீக்கப்படும். மட்டக்களப்பு உணர்த்தும் பாடம் இதுவே.