வெப்பமானி இடம்பெயர்ந்த வரலாறு

கணினியின் சூட்டை எந்த இடத்தில் அளப்பது? இக்கேள்விக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் இருந்துள்ளன. கொல்கத்தாவிலேயே அவற்றைத் தொடர்ந்து காணலாம்.

நகரின் வடக்கே பராநகரிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் 1956இல் எச்.இ.சி-2எம் இயங்கத் தொடங்கியது. பிரிட்டனிலிருந்து வாங்கப்பட்ட அதனையே இந்தியாவின் முதல் எண்முறைக் கணினி என்பர். வெற்றிடக் குழாய்களால் ஆன எந்திரம். எரியும் விளக்குகளைப் போல அறையைச் சூடாக்கும். ஆகவே அக்காலத்தில் கண்காணிக்கப்பட்டது கணினியன்று, அறை.

அன்று சால்ட் லேக் வெறும் சதுப்பு நிலம். 1960களில் ஹூக்ளி ஆற்று வண்டலால் அது மேடாக்கப்பட்டது. 1977இல் அங்குச் சைக்ளோட்ரான் இயங்கியது. செர்ன் ஆய்வகத்தின் ஆலிஸ் சோதனைத் தரவுகளை ஆராயும் கணிப்பு மையம் ஒன்று இன்று அதே வளாகத்தில் உள்ளது. அறைக் குளிரூட்டல் அங்கும் நீங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பிராசசரும் தன் சூட்டைத் தானே அளக்கிறது. வீட்டுக் கணினியிலும் அவ்வாறே.

இம்மாற்றம் படிப்படியாக நேர்ந்தது. முதலில் உணரி மதர்போர்டில், பிராசசருக்கு அடியில் இருந்தது. உள்ளே ஏறிய சூடு அதற்குத் தாமதமாகவே எட்டியது. 1990களின் இறுதியில் சிலிக்கனுக்குள்ளேயே ஒரு டயோடு அமைந்தது. சூடு 1 டிகிரி ஏறினால் அதன் மின்னழுத்தம் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும், அக்குறைவே அளவுகோல். 2000இல் வந்த பென்டியம் 4, அளப்பதோடு நில்லாமல் சூடு மிகுந்தால் தன் வேகத்தையும் தானே குறைத்துக்கொண்டது. மறு ஆண்டு வன்பொருள் இதழொன்று இயங்கும் கணினிகளின் ஹீட் சிங்கைக் கழற்றிப் பார்த்தது. பென்டியம் 4 மெதுவாயிற்று, ஏ.எம்.டி.யின் அத்லான் கருகியது.

அடுத்த திருப்பம் சொற்பொருள் சார்ந்தது என்றே கூறலாம். 2006இல் வந்த இன்டெல் கோர் வரிசையின் உணரி வெப்பநிலையைச் சொல்வதில்லை. உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி உள்ளது என்பதையே சொல்கிறது. வரம்பிலிருந்து அதைக் கழித்துத் திரையில் காட்டுவது மென்பொருளின் வேலை. மேசைக் கணினிகளுக்கான வரம்பை இன்டெல் 2008 வரை வெளியிடவில்லை. ஆகவே மென்பொருள்கள் ஊகித்தன: இடைவெளி 45 என்றால், வரம்பை 100 எனக் கொண்ட மென்பொருள் 55 டிகிரி என்றது, 85 எனக் கொண்டது 40 என்றது. அதே சில்லு, அதே நொடி. எது சரி எனப் பயனர்கள் நெடுநாள் வாதிட்டனர். இரண்டிலும் மாறாதிருந்த 45 என்னும் எண்ணே உண்மையில் அளக்கப்பட்டது; அதைப் பலர் பார்க்கவே இல்லை.

சால்ட் லேக்கின் குளிரூட்டி இல்லாத வீட்டில் அந்த இடைவெளியே பயன் தருவது. அறை ஜனவரி விடியலில் 14 டிகிரி, மே நண்பகலில் 38 டிகிரி எனக் கொள்வோம். வேலைப்பளுவும் மின்விசிறி வேகமும் மாறாவிடில் அந்த 24 டிகிரியும் ஏறத்தாழ முழுமையாகச் சில்லில் ஏறும்; ஜனவரியில் 40 எனத் தெரிந்த இடைவெளி மே மாதத்தில் 16 ஆகச் சுருங்கும்.