சிறிய படகா, பெரிய படகா?

திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்குச் சரவணப் பொய்கையில் தெப்பம் விடுவார்கள். அதில் முருகன் வலம் வருவார். மக்கள் கரையில் நின்று கும்பிடுவார்கள். அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் பழவேற்காடு ஏரியும் இருக்கிறது.

2011 டிசம்பர் 25 அன்று அங்கே அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிச் சென்ற ஒரு சிறு படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அப்படியானால் பெரிய படகுதான் நல்லதா? தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று 45 உயிர்களைப் பறித்த 'ஜலகன்யகா' இரண்டு அடுக்குப் படகு! மேல்தளத்தில் கூட்டம் கூடக் கூட, எந்தப் படகும் எளிதில் சாயும்.

இதற்கு ஒரு தீர்வு 1960களில் வேல்ஸ் நாட்டில் பிறந்தது. அட்லாண்டிக் கல்லூரியில் டெஸ்மண்ட் ஹோர் என்பவரும் மாணவர்களும் சேர்ந்து, கெட்டியான அடிப்பாகத்தைச் சுற்றிக் காற்றடைத்த குழாய் வைத்த படகை உருவாக்கினார்கள். உள்ளே தண்ணீர் புகுந்தாலும் குழாய் அதை மிதக்க வைக்கும். பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனத்துக்கு அதன் காப்புரிமையை ஹோர் வெறும் 1 பவுண்டுக்குக் கொடுத்தார்.

இந்த வகையிலும் சிறியது, பெரியது உண்டு. அமைதியான ஏரியில் நாலு பேருக்குச் சிறியது போதும். அலையடிக்கும் கடலுக்கும் பெரிய குடும்பத்துக்கும் பெரியது வேண்டும். ஆனால் எதில் ஏறினாலும் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: இதில் எத்தனை பேர் ஏறலாம்? ஆளுக்கொரு உயிர்காப்பு ஜாக்கெட் இருக்கிறதா?